மறைந்து தோன்றும் பழுது

இயந்திரங்களுக்கு நேரும் பழுது இரு வகைப்படும். ஒன்று நிலைத்து நிற்கும் பழுது; மற்றொன்று விட்டுவிட்டு வரும் பழுது. விளக்கின் இழை அறுந்துவிட்டால் அவ்விளக்கு எரிவதே இல்லை. எவர் வந்து நோக்கினும், எப்பொழுது வந்து நோக்கினும், அஃது எரியாமலே கிடக்கும். இத்தகைய பழுதைக் கண்டறிதல் எளிது. விட்டுவிட்டு வரும் பழுதோ அத்தகையதன்று. உடையவன் தனித்திருக்கும்போது அது தோன்றும். பழுது பார்ப்பவன் வந்து நின்றதும் மறைந்துவிடும். அவன் கூலி பெற்றுச் சென்ற மறுநாளே மீண்டும் தலைகாட்டும். பட்டறைகளில் நெடுங்காலம் பழகியவர்களையும் மருளச் செய்வது இப்பழுதே ஆகும்.

மனித உடலிலும் இவ்வகை நோய் உண்டு. முறைக்காய்ச்சல் என்று முன்னோர் கூறிய மலேரியாக் காய்ச்சல் அத்தகையது. ஒரு நாள் உடல் அனலாய்க் கொதிக்கும். மறுநாள் நோயாளி எழுந்து நடமாடுவான். அதற்கடுத்த நாள் மீண்டும் நடுக்கம் பிடிக்கும். இடையில் வந்து பார்ப்பவர் நோயே இல்லை என்பர். ஆயினும் அவ்விடைவெளியே நோயின் அடையாளமாக விளங்கியது. குருதியிலுள்ள செவ்வணுக்களுக்குள் நோய்க்கிருமி பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளிவரும் காலத்தில் காய்ச்சல் தோன்றுகிறது. அவ்வாறு பெருகுவதற்குச் சிலவகைக் கிருமிகளுக்கு 48 மணி நேரமும், மற்றொரு வகைக்கு 72 மணி நேரமும் ஆகும். அக்கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர் 1897ஆம் ஆண்டில் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். அதற்குப் பன்னெடுங்காலம் முன்பே, காய்ச்சல் வரும் நாளையும் வாராத நாளையும் எண்ணி, மருத்துவர்கள் இந்நோயைப் பிற காய்ச்சல்களினின்றும் பிரித்து அறிந்திருந்தனர். எப்பொழுது வருகிறது, எப்பொழுது வருவதில்லை என்னும் வினாவே அவர்களுக்கு விளக்காக இருந்தது. மோட்டார் வண்டிக்கும் அவ்வினாவே விளக்காகும்.

காட்பாடி நான்கு திசைகளிலிருந்தும் இருப்புப்பாதைகள் வந்து கூடும் சந்திப்பு. சென்னை, சோலையார்பேட்டை, திருப்பதி, விழுப்புரம் ஆகிய ஊர்களை நோக்கி அங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. பாலாற்றைக் கடந்தால் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருவோர் காட்பாடியில்தான் இறங்குகின்றனர். தோல் வணிகத்தின் பொருட்டு ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் செல்வோரும் உளர். இவர்களை ஏற்றிச் செல்லும் வாடகைக் கார்கள் ஓய்வின்றி ஓடுகின்றன. ஓடும் வண்டிக்குப் பழுதும் உடன் பிறந்ததே. அன்றியும் இப்பகுதியின் வெயில் கொடியது. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். கண்ணாடிகளை மூடி வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 பாகைக்கு மேலும் சூடேறும். அச்சூட்டில் மின்கம்பிகளைச் சுற்றிய டேப்பின் பசை உருகி வழிகிறது, உலோகம் விரிகிறது, இரவில் மீண்டும் சுருங்குகிறது. உப்பிட்ட பச்சைத் தோல்களைச் சுமக்கும் லாரிகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தோலினின்று வடியும் உப்புநீர் வண்டியின் அடிச்சட்டத்தில் ஊறி, இரும்பையும் செம்பையும் அரித்துவிடுகிறது.

இக்காலக் கார்களில் இரு கருவிகள் பெரும்பாலும் காணப்படுகின்றன. ஒன்று இசைப்பெட்டியாகிய ஸ்டீரியோ. மற்றொன்று வண்டியின் பின்புறத்தைக் காட்டும் காமிரா. இவற்றின் வரலாறு சுவையுடையது. 1930ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரில் கால்வின் உடன்பிறந்தார் தம் நிறுவனத்தின் சார்பில் காரில் பொருத்தும் வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். ‘மோட்டோரோலா’ என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். பின்னாளில் நிறுவனத்தின் பெயரும் அதுவே ஆயிற்று. எஞ்சினின் தீப்பொறிகளால் எழும் இரைச்சலை அடக்குவதே அக்காலத்தில் பெரும் இடராக இருந்தது. பின்நோக்கும் காமிராவோ 1956ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. பியூக் நிறுவனம் காட்சிக்கு வைத்த செஞ்சூரியன் என்னும் காரில் பின்புறக் கண்ணாடிக்கு மாற்றாகத் தொலைக்காட்சிக் காமிரா ஒன்று அமைந்திருந்தது. அது காட்சிப் பொருளாகவே நின்றுவிட்டது. 1991ஆம் ஆண்டில் சப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் சோரர் என்னும் கார் இவ்வசதியுடன் விற்பனைக்கு வந்தது.

இசை நின்றுபோனால் இழப்பு சிறிது. காமிரா நின்றுபோவது அவ்வாறன்று. கார் பின்னோக்கி நகரும்போது அதன் பின்னால் தவழும் குழந்தையையோ, குனிந்து நிற்கும் முதியவரையோ ஓட்டுநர் தம் கண்ணாடிகளில் காண்பது அரிது. தந்தை பின்னோக்கி ஓட்டிய வண்டியில் சிக்கி உயிரிழந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் பெயராலேயே அமெரிக்க நாட்டில் 2008ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாக, 2018ஆம் ஆண்டு மே முதல் அந்நாட்டின் புதிய கார்கள் அனைத்திலும் பின்நோக்கும் காமிரா கட்டாயமாயிற்று. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு சூலை முதல், பின்னால் தடை இருப்பதை ஒலியால் உணர்த்தும் கருவி புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. காமிரா என்றுமே இல்லாத வண்டியை ஓட்டுபவர் இறங்கிப் பார்த்துவிட்டுப் பின்னோக்கி ஓட்டுவார். பத்து முறை காட்டிப் பதினோராம் முறை காட்டாதொழியும் காமிராவை நம்பியவரோ இறங்குவதையே மறந்துவிடுகிறார். ஆதலின், விட்டுவிட்டு இயங்கும் காமிரா இல்லாத காமிராவினும் கொடியது எனலாம்.

ஒரு கம்பி தளர்ந்தால் விளையக்கூடிய கேட்டுக்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி அளவில், டாலி என்னும் சரக்குக் கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தினின்று புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல் கொழும்புக்குச் செல்ல வேண்டியது. அதன் மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர். திடீரெனக் கப்பலின் மின்சாரம் அற்றது, மீண்டது, மறுபடியும் அற்றது. திசை திருப்ப இயலாத கப்பல் பாலத்தின் தூண் ஒன்றில் மோத, 1977ஆம் ஆண்டு முதல் நின்ற அப்பெரும்பாலம் நொடிப்பொழுதில் ஆற்றில் வீழ்ந்தது. பாலத்தின் மேல் சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தொழிலாளர் அறுவர் மாண்டனர். கப்பலிலிருந்து விடுத்த அபாயக் குரலைக் கேட்டுக் காவலர்கள் பிற வண்டிகளை இருபுறமும் தடுத்து நிறுத்தியமையால் மேலும் பலர் உயிர் தப்பினர். ஆராய்ந்து பார்த்தவர்கள் 2025ஆம் ஆண்டில் காரணத்தை வெளியிட்டனர். மின்பலகையில் ஒரு கம்பிக்கு அடையாளப் பட்டை மாட்டியவர் அதனைக் கம்பியின் நுனிக்கு மிக அருகில் மாட்டிவிட்டார். அப்பட்டை இடித்தமையால் கம்பி தன் துளையினுள் முழுதும் நுழையவில்லை. நுழைந்ததுபோல் தோற்றம் அளித்தது; வேலையும் செய்தது; அன்று இரவு நழுவிற்று.

இனி, காட்பாடியில் உள்ள ஒரு பட்டறைக்கு ஒரு வாடகைக் கார் வருவதாகக் கொள்க. பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் மூடியை உடைய கார் அது. அதன் ஸ்டீரியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று, தானே மீண்டும் தொடங்குகிறது. காமிராவும் சில வேளை காட்டுகிறது. சில வேளை இருண்டுவிடுகிறது. முன்னரே வேறோர் இடத்தில் புதிய ஸ்டீரியோ மாற்றியாயிற்று. ஒரு வாரம் நன்றாக இருந்தது. பிறகு பழைய கதையே. மாற்றியவன் பொய்யன் அல்லன். பெட்டியைக் கழற்றி மாட்டும்போது அதன் பின்னுள்ள கம்பிகள் அசைந்து, தளர்ந்த இணைப்பு தற்செயலாக இறுகிக்கொண்டது. அதனைப் புதிய பெட்டியின் சிறப்பு என்று இருவரும் எண்ணிவிட்டனர். விட்டுவிட்டு வரும் பழுதில் ‘சரியாகிவிட்டது’ என்பது சான்றாகாது. ஏன் சரியாயிற்று என்பது விளங்கினாலன்றிப் பழுது நீங்கியதாகக் கொள்ளலாகாது.

ஓட்டுநர், “மேஸ்திரி, இந்தப் பெட்டியையும் மாற்றிவிடுங்கள். காமிராவையும் மாற்றிவிடுங்கள். எனக்குச் சவாரி கெடுகிறது” என்கிறார்.

மேஸ்திரி கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. “மாற்றுவது இருக்கட்டும், தம்பி. பாட்டு நிற்கும்போது கடிகாரம் என்ன காட்டுகிறது?” என்று வினவுகிறார்.

“பன்னிரண்டு மணி காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் நானே திருத்தி வைக்கிறேன்.”

“எந்த இடத்தில் நிற்கிறது?”

“மேடு பள்ளத்தில் நிற்கிறது. வெயிலில் நிறுத்தி எடுத்தால் மிகுதி. ஒலியைக் கூட்டினாலும் நிற்கிறது.”

“காமிரா இருளும்போது பாட்டும் நிற்கிறதா?”

“இல்லை, மேஸ்திரி. பாட்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.”

“இருளும்போது திரை எப்படி இருக்கிறது? பாட்டின் பெயரைக் காட்டிக்கொண்டே இருக்கிறதா, அல்லது காமிராவுக்கு மாறிவிட்டுக் கறுப்பாக நிற்கிறதா?”

ஓட்டுநர் சற்று நினைந்து, “மாறிவிடுகிறது. ஆனால் கறுப்பாக நிற்கிறது” என்கிறார்.

இவ்வினாக்களுள் ஒன்றேனும் வீண் அன்று. ஸ்டீரியோவுக்கு மின்சாரம் தரும் கம்பிகள் மூன்று. வழக்கமாக மஞ்சள் நிறக் கம்பி பேட்டரியிலிருந்து எப்பொழுதும் மின்சாரம் தந்துகொண்டிருக்கும். கடிகாரமும் நினைவில் வைத்த நிலையங்களும் அதனாலேயே காக்கப்படுகின்றன. சிவப்புக் கம்பி சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் தரும். கறுப்புக் கம்பி எர்த் எனப்படும்; மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்கு மீளும் வழி அது. சிவப்புக் கம்பி மட்டும் தளர்ந்திருப்பின், பாட்டு நிற்கும்; ஆனால் கடிகாரம் கலையாது. கடிகாரமும் கலைவதால் பழுது மஞ்சள் கம்பியிலோ கறுப்புக் கம்பியிலோ இருத்தல் வேண்டும். ஒரே வினாவில் மூன்று கம்பிகளுள் ஒன்று விலகிற்று.

காமிராவுக்கும் அவ்வாறே. ரிவர்ஸ் கியர் போட்டதும் பின்புறத்து வெள்ளை விளக்கு எரிகிறது. அவ்விளக்கின் மின்சாரத்தைக் கொண்டே காமிரா விழிக்கிறது. அம்மின்சாரமே ஒரு தனிக் கம்பி வழியாக முன்னே சென்று, ‘காமிராவுக்கு மாறுக’ என்று திரைக்கு அறிவிக்கிறது. படமோ வேறொரு கம்பி வழியாகச் செல்கிறது. திரை மாறாமல் பாட்டையே காட்டிக்கொண்டிருப்பின், அறிவிக்கும் கம்பி பழுது. திரை மாறிக் கறுப்பாக நிற்பின், அறிவிப்பு வந்துவிட்டது, படம் வரவில்லை. ஆதலின் காமிராவோ, அதற்கு மின்சாரம் தரும் இணைப்போ, படம் கொணரும் கம்பியோ பழுதாதல் வேண்டும். காமிரா இருளும்போது பாட்டு நிற்பதில்லை என்பதால், இரு பழுதுகளுக்கும் காரணம் ஒன்று அன்று என்பதும் பெரும்பாலும் விளங்கும். ஒரே நாளில் இரு துன்பம் வந்தால் இரண்டுக்கும் ஒருவனையே குற்றவாளியாக்குவது மனித இயல்பு. அவ்வியல்பை மேஸ்திரி முதலிலேயே அடக்கிக்கொண்டார்.

பிறகே அவர் மல்டிமீட்டரை எடுக்கிறார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஸ்டீரியோவை இணைப்பினின்று பிரித்துவிட்டு மஞ்சள் கம்பியின் நுனியில் மீட்டரை வைத்தால், அது 12.6 வோல்ட் என்று குறையில்லாமல் காட்டும். முன்னர்ப் பார்த்தவனும் அதைக் கண்டே கம்பியில் குற்றமில்லை என்று முடிவு செய்திருத்தல் கூடும். மீட்டர் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட வினாவே பிழை. மீட்டர் தனக்கென எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகமிகச் சிறிது. கம்பியின் பல இழைகளுள் ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் அதற்குப் போதும். ஒற்றையடிப் பாதையில் ஒருவன் நடந்து சென்றால் வழி நன்றாகவே இருக்கும். திருவிழாக் கூட்டம் முழுதும் அவ்வழியே புகும்போதுதான் அதன் குறுக்கம் தெரியும்.

ஓம் என்னும் செருமானிய அறிஞர் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இதனைக் கணக்கிட்டுக் காட்டும். மின்தடையை மின்னோட்டத்தால் பெருக்கினால் இழக்கும் வோல்ட் கிடைக்கும். கெட்ட சந்தி ஒன்றின் தடை 1 ஓம் என்று கொள்க. ஒலியை உயர்த்தும்போது ஸ்டீரியோ 5 ஆம்பியர் இழுக்குமாயின், அச்சந்தியிலேயே 5 வோல்ட் இழக்கப்படும். பெட்டிக்கு எஞ்சுவது 7.6 வோல்ட். அது போதாமையால் பெட்டி அணைந்துவிடும். அணைந்தவுடன் மின்னோட்டம் குறைகிறது, மின்னோட்டம் குறைந்தவுடன் இழப்பும் மறைகிறது, மீண்டும் 12.6 வோல்ட் வந்து சேர, பெட்டி விழித்துக்கொள்கிறது. பழுது தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும் விந்தை இதுவே. வண்டி அதிரும்போது சந்தி முற்றும் பிரிந்துவிடின் கடிகாரமும் கலைந்துவிடும்.

ஆதலின் மேஸ்திரி ஸ்டீரியோவைப் பிரிக்காமல், உரக்கப் பாட விட்டே அளக்கிறார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும், மறுமுனையை ஸ்டீரியோவின் பின்புறத்து மஞ்சள் கம்பியிலும் வைக்கிறார். வழி செம்மையாக இருப்பின் இவ்விரண்டிற்கும் இடையே 0.1 அல்லது 0.2 வோல்ட் அளவே வேறுபாடு இருக்கும். உடன் வேலை பயிலும் இளைஞன் டேஷ்போர்டின் கீழே கையை விட்டுக் கம்பிக் கட்டைச் சாண் சாணாக மெல்ல அசைத்து வருகிறான். ஓர் இடத்தில் அவன் விரல் பட்டதும் மீட்டர் 0.2இலிருந்து 3க்குத் தாவுகிறது, பாட்டு அறுகிறது. அவ்விடத்தைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தால், பசை உருகிக் கறுத்த கம்பிகள் இரண்டு வெறுமனே முறுக்கிவிடப்பட்டிருக்கின்றன. பற்றாசு இல்லை, இறுக்கிய குழலும் இல்லை. கம்பியை முறுக்கி டேப் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்னும் சோம்பலே இவ்வட்டாரத்துக் கார்ப் பழுதுகள் பலவற்றிற்கும் தாயாகும். வெயிலில் டேப் நெகிழ்ந்தது. காற்றுப் பட்டுச் செம்பு கறுத்தது. கறுத்த செம்பு மின்சாரத்தை எளிதில் விடாது. கருத்த நுனிகளை வெட்டி எறிந்து, புதிய செம்பைச் சேர்த்துப் பற்றவைத்து, வெப்பத்தால் சுருங்கும் குழாயை அதன்மேல் ஏற்றி, கம்பி ஆடாதவாறு சட்டத்தோடு கட்டிவிடுகின்றனர். மீண்டும் அளந்தால் 0.1 வோல்ட். எவ்வளவு அசைத்தும் அது மாறவில்லை.

காமிராவைத் தேடும் முறை வேறு. எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி ரிவர்ஸ் கியர் போடுகின்றனர். ஓட்டுநர் திரையை நோக்குகிறார். மேஸ்திரி பின்மூடியைத் திறந்து, மெல்ல மெல்ல இறக்குகிறார். பாதி உயரத்தில் படம் தெளிவாக இருக்கிறது. இன்னும் இறக்க, படம் நடுங்குகிறது. மூடியதும் இருள். மீண்டும் உயர்த்தப் படம் வருகிறது. வெள்ளை விளக்கோ எல்லா நிலையிலும் எரிந்துகொண்டே இருக்கிறது. பழுது எங்கே என்று இனிச் சொல்லவும் வேண்டுமோ? காரின் உடலிலிருந்து மூடிக்குக் கம்பிகள் செல்லும் இடத்தில், கீலின் அருகே, ஒரு ரப்பர்க் குழல் உண்டு. மூடியைத் திறக்குந்தோறும் மூடுந்தோறும் கம்பிகள் அதனுள் மடிந்து நிமிர்கின்றன. நாளொன்றுக்குப் பத்து முறை திறக்கும் வாடகைக் காரில் ஆண்டொன்றுக்கு 3,650 முறை அவை மடியும். இரும்புக் கம்பியை இங்குமங்கும் வளைத்துக் கையால் முறித்தவர்க்கு இதன் விளைவு தெரியும். ஆம்பூரின் காலணித் தொழிலார்க்கும் இது புதிதன்று. காலணியின் மேற்றோலைப் பல்லாயிரம் முறை இயந்திரத்தால் மடக்கிப் பார்த்தே அதன் தரத்தைத் தேர்கின்றனர். தோலில் விரிசல் கண்ணுக்குத் தெரியும். கம்பியிலோ மேலுள்ள உறை முழுமையாக இருக்க, உள்ளிருக்கும் செம்பு மட்டும் அறுந்துவிடுகிறது. அறுந்த முனைகள் ஒரு நிலையில் தொடும்; மற்றொரு நிலையில் பிரியும்.

இளைஞன் ரப்பர்க் குழலை விலக்கிப் படக்கம்பியை இழுக்கிறான். ஓரிடத்தில் உறை மட்டும் நூல்போல் மெலிந்து நீள்கிறது; உள்ளே ஒன்றும் இல்லை. அவன் அவ்விடத்திலேயே வெட்டி ஒட்டக் கத்தியை எடுக்கிறான். மேஸ்திரி தடுக்கிறார். மடியும் இடத்தில் ஒட்டுப் போட்டால் அவ்வொட்டு விறைப்பாக நிற்கும். அதன் இருபக்கமும் கம்பி முன்னிலும் விரைவில் முறியும். படம் கொணரும் கம்பிக்கு ஒட்டு ஆகாது என்பது ஒருபுறமிருக்க, புதிய கம்பியின் விலையோ சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஆகவே மூடியிலிருந்து திரை வரையில் புதிய கம்பி ஒன்றையே இழுத்து, கீலின் அருகே சற்றுத் தளர்வாக விட்டு, ரப்பர்க் குழலை மீண்டும் பொருத்துகின்றனர். பழைய காமிராவும், மாற்ற வேண்டும் என்று கேட்கப்பெற்ற ஸ்டீரியோவும் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன.

கூலி கொடுக்க ஓட்டுநர் பையைத் திறக்கிறார். மேஸ்திரி இன்னும் வாங்கவில்லை. “நண்பகலில் இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்து, தம்பி. பிறகு இரயிலடிச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வா. கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொள்” என்கிறார்.

அன்று பிற்பகல் வண்டி திரும்பி வந்தபோது கடிகாரம் நான்கு மணி பத்து நிமிடம் காட்டியது. நிலைய மணியும் அதையே காட்டியது.